அந்நியப் படைகள் இருக்கும்போது அரசமைப்பு வாக்கெடுப்பு: ஈராக் 2005 பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 2005 அக்டோபர் 15 அன்று ஈராக்கியர்கள் அரசமைப்புச் சட்டத்துக்கு வாக்களித்தபோது, அங்கே சுமார் ஒன்றரை லட்சம் அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். அந்த வாக்கெடுப்பு செல்லுமா?

பதில்: சட்டப்படி செல்லும் என்றே கருதுகிறேன். 2003 மே மாதம் ஐநா பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானம் அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்பு அரசுகள் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டது. மறு ஆண்டு ஜூன் மாதம் வந்த 1546ஆம் தீர்மானம் அந்த ஆக்கிரமிப்பு 30ஆம் தேதிக்குள் முடியும் என்றது. ஆட்சிப் பொறுப்பு 28ஆம் தேதியே கைமாறியது. ஆகவே வாக்கெடுப்பு நாளில், காகிதத்தைப் பொறுத்தவரை, அங்கிருந்தவை ஈராக் அரசின் இசைவோடு தங்கியிருந்த படைகள். அரசமைப்பை அது செல்லாததாக்காது. ஆனால் மக்கள் மனமுவந்து தந்த சம்மதம்தானா என்ற கேள்விக்கு அது விடையும் ஆகாது.

கேள்வி: நான் சட்டம் படிக்கிறேன். ஆக்கிரமிப்பவர் நாட்டின் அடிப்படைச் சட்டத்தைத் தொடக்கூடாது என்றுதானே போர், ஆக்கிரமிப்பு பற்றிய சர்வதேச ஹேக் விதிகள் சொல்கின்றன?

பதில்: ஆம். 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகளின் 43ஆம் பிரிவு, முற்றிலும் இயலாத நிலை இருந்தாலொழிய, அந்த நாட்டில் நடைமுறையில் உள்ள சட்டங்களை மதிக்க வேண்டும் என்கிறது. ஈராக்கில் இடிப்பது இங்கேதான். 2005 வாக்கெடுப்புக்கான காலக்கெடுவையும் வரைவு நிறைவேறுவதற்கான விதியையும் வகுத்தது, அமெரிக்கா நியமித்த நிர்வாகி பால் பிரெமரின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் நடந்துகொண்டிருந்த 2004 மார்ச் 8 அன்று கையெழுத்தான இடைக்கால நிர்வாகச் சட்டம். அரசமைப்பை எழுதுபவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாகவே இருக்க வேண்டும் என்று ஷியாக்களின் மூத்த மதத் தலைவர் ஆயத்துல்லா சிஸ்தானி 2003இலேயே ஃபத்வா கொடுத்திருந்தார். இந்த இடைக்காலச் சட்டத்துக்கு ஐநா அங்கீகாரம் தரக்கூடாது என்று அவர் எழுதியதால்தான் 1546ஆம் தீர்மானத்தில் அதன் பெயரே இல்லை. பெயர் விடுபட்டதே தவிர, நாட்காட்டி மாறவில்லை. வரைவுக்கு ஆறு மாத அவகாசம் கேட்க அச்சட்டமே வழி விட்டிருந்தும், அமெரிக்காவின் அவசரத்துக்கு இசைந்து அதைக் கேட்காமலேயே விட்டார்கள்.

கேள்வி: நூற்றுக்கு 78 பேர் ஆதரித்திருக்கிறார்கள். இதற்கு மேலும் குறை சொல்வது அந்த மக்களை அவமதிப்பது ஆகாதா?

பதில்: அந்த 78இல் பெரும்பகுதி ஷியா, குர்து மக்களின் உண்மையான ஆதரவு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மாகாண வாரியாகப் பாருங்கள். சுன்னிகள் பெரும்பான்மையாக வாழும் அன்பாரில் ஏறத்தாழ 97 விழுக்காடும் சலாஹுதீனில் 82 விழுக்காடும் எதிர்ப்பு வாக்குகள். மூன்று மாகாணங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்தால் வரைவு வீழும் என்பது விதி. மூன்றாவதாக மோசுல் அமைந்த நினவே மாகாணம் 55 விழுக்காட்டு எதிர்ப்போடு நின்றுவிட்டதால்தான் அது தப்பியது. அந்த விதியிலும் கை வைக்கப் பார்த்தார்கள். ஆதரவை, வாக்களித்தவர்களை வைத்தும், எதிர்ப்பை, பதிவு செய்த வாக்காளர் அனைவரையும் வைத்தும் கணக்கிட வேண்டும் என்று அக்டோபர் 2 அன்று ஈராக் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. வீட்டிலேயே இருந்துவிட்டவரும் ஆதரவாளர் ஆகிவிடும் அந்தத் தந்திரம் ஐநா எதிர்த்த பிறகு மூன்றே நாளில் கைவிடப்பட்டது. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: தோற்கடிக்க வாய்ப்பிருந்த வாக்கெடுப்பு வெறும் நாடகம் அல்ல.

கேள்வி: மக்கள் எதற்கு வாக்களித்தார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததா?

பதில்: முழுமையாகத் தெரிந்திருக்க வழியில்லை. ஐநா சுமார் 50 லட்சம் பிரதிகளை அச்சிட்டது. பல ஊர்களுக்கு அவை கடைசி நாட்களில்தான் போய்ச் சேர்ந்தன. அதற்குள் அக்டோபர் 12 அன்று, சுன்னிகளின் ஈராக் இஸ்லாமியக் கட்சியின் ஆதரவைப் பெறுவதற்காக வரைவே திருத்தப்பட்டது. வீட்டுக்கு வந்த பிரதியைக் கருத்தாகப் படித்த ஒருவர்கூட, சாவடியில் தாம் படித்திராத ஒரு வரைவுக்குத்தான் ஆம் அல்லது இல்லை என்று குறியிட்டார்.

கேள்வி: ஜப்பான், ஜெர்மனி அரசமைப்புகளும் அந்நியப் படைகளின் கீழ் வந்தவைதானே?

பதில்: அவற்றுக்குப் பொதுவாக்கெடுப்பே நடக்கவில்லை. ஒப்பிடத் தகுந்தது, அமெரிக்க ஆக்கிரமிப்பில் இருந்த கரீபியன் நாடான ஹெயிட்டி. அந்நியர் நிலம் வாங்கக்கூடாது என்பது அந்த நாடு விடுதலை பெற்ற நாள்முதல் இருந்த தடை. அதை நீக்க மறுத்த சட்டமன்றம் 1917இல் அமெரிக்கக் கடற்படை வீரர்களின் துணையோடு கலைக்கப்பட்டது. மறு ஆண்டு, அவர்களின் மேற்பார்வையிலேயே புதிய அரசமைப்புக்கு வாக்கெடுப்பு நடந்து, சுமார் 98,000 வாக்குகள் ஆதரவாகவும் 800க்கும் குறைவான வாக்குகள் எதிராகவும் விழுந்ததாக அறிவித்தார்கள். அந்நியருக்கு நிலம் கிடைத்தது. ஆக்கிரமித்தவர் கேட்டதே சட்டமாகவும், எதிர்த்த அவை முன்கூட்டியே கலைக்கப்பட்டதாகவும் இருந்தால், அதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கேள்வி: அப்படியானால் ஆக்கிரமிப்பு முடியும்வரை காத்திருப்பதுதான் முறையா?

பதில்: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது அமைந்த விஷி ஆட்சியைப் பட்டறிந்த பிரான்ஸ் 1946இல் அப்படித்தான் எழுதிக்கொண்டது: தாயக மண்ணின் ஒரு பகுதி அந்நியப் படைகளின் பிடியில் இருந்தாலும் அரசமைப்பைத் திருத்தக்கூடாது. ஈராக்கில் காத்திருந்தால், பிரெமர் வகுத்த ஏற்பாடே நீண்டிருக்கும் என்ற வாதத்துக்கும் வலு உண்டு. எனவே, வேண்டியிருந்தது மறுபரிசீலனைக்கான வழி என்பேன். அக்டோபர் 12 உடன்பாடு சேர்த்த 142ஆம் பிரிவு அதைத்தான் உறுதியளித்தது: புதிய நாடாளுமன்றம் ஒரு குழு அமைக்கும், அது நான்கு மாதங்களில் திருத்தங்களை முன்வைக்கும், அவற்றுக்கு மீண்டும் பொதுவாக்கெடுப்பு நடக்கும். குழு அமைந்தது, அறிக்கையும் வந்தது. 2011 இறுதியில் அமெரிக்கப் படைகள் வெளியேறின. அந்த இரண்டாவது வாக்கெடுப்பு மட்டும் நடக்கவே இல்லை.