பத்து இலக்குகளும் ஏன் பாதியில் நிற்கின்றன?

கேள்வி: வருடம் பிறந்ததும் டைரியில் உடம்பு, சேமிப்பு, வேலை, குடும்பம், வாசிப்பு என்று பத்து இலக்குகள் எழுதுகிறேன். இரண்டு மாதம் தாண்டுவதற்குள் எல்லாம் நின்றுபோகிறது. எதையும் விட்டுவிடாமல் வருடத்தைச் சமநிலையோடு கொண்டுபோக என்ன வழி?

பதில்: பத்தையும் ஒரே நாளில் தொடங்குகிறீர்கள், வேலை முடிந்து மிஞ்சும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் பத்தும் போட்டி போடுகின்றன. ஒவ்வொரு நாளையும் சமமாகப் பங்குபோட வேண்டியதில்லை. சமநிலையை வருடக் கணக்கில் பாருங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு இலக்கை மட்டும் முழு மூச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு, 'இதற்குக் கீழே போகவிட மாட்டேன்' என்று ஓர் அளவு வைத்தால் போதும். வேலைக்காக ஒரு தேர்வுக்குப் படிக்கும் காலாண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்போது தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. சற்று வேகமான நடை, உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவான வாரம் 150 நிமிடம். சேமிப்பு, சம்பளம் வந்த அன்றே தானாகப் பிடித்தமாகட்டும். குடும்பத்தோடு ஒரு வேளையாவது போனைத் தொடாமல் சாப்பிடுங்கள். எதுவும் கைவிட்டுப் போகாது. படிப்புக்கும் இடம் கிடைக்கும்.

அடுத்தது, எழுதும் விதம். இதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். 'உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற வரியை வைத்துக்கொண்டு இன்று மாலை என்ன செய்வது? அதையே இப்படி மாற்றுங்கள்: 'இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், செருப்பை மாட்டிக்கொண்டு 25 நிமிடம் நடப்பேன். மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே நடப்பேன்.' எப்போது, எங்கே, தடை வந்தால் என்ன என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிட்டது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இந்த 'இது நடந்தால் இதைச் செய்வேன்' முறையைப் பல வருடம் ஆராய்ந்தவர். வெறும் உறுதிமொழியைவிட இப்படி எழுதிய திட்டம் அதிகம் நிறைவேறுகிறது என்பது அவர் கண்டது.

முடிந்தவரை 'செய்ய மாட்டேன்' என்பதை 'செய்வேன்' என்று மாற்றுங்கள். சுவீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வில், ஒன்றைச் செய்வதாகத் தீர்மானித்தவர்களில் சுமார் 59% பேர் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். ஒன்றைத் தவிர்ப்பதாகத் தீர்மானித்தவர்களில் 47% பேர். 'இரவில் போன் பார்க்க மாட்டேன்' என்பதைவிட, 'பத்து மணிக்குப் போனை அடுத்த அறையில் சார்ஜில் போடுவேன்' என்பது செய்யக்கூடிய வேலை.

நடுவில் ஓரிரு நாள் தவறினால் மனம் தளராதீர்கள். பிலிப்பா லாலி குழுவினர் லண்டனில் நடத்திய ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகச் சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது; சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பின்னடைவு ஏற்படவில்லை. 21 நாளில் எல்லாம் பழகிவிடும் என்ற பேச்சை நம்பி உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

மூன்று மாதம் முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கி டைரியைப் புரட்டுங்கள். தொடர்ந்து தள்ளிப்போட்ட இலக்கு ஏதாவது இருந்தால், அது உங்கள் விருப்பமா, மற்றவர்கள் எதிர்பார்ப்புக்காக எழுதியதா என்று கேட்டுப் பாருங்கள். பிறருக்காக எழுதியது என்றால் தயங்காமல் அடித்துவிட்டு, அடுத்த காலாண்டுக்கான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.