அம்மாச்சியின் தோட்டம் எந்த டேம் பக்கம்?

கூடலூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் அம்மாச்சி எழுபதுகளில், தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து இங்கே வந்தவர். பிறந்த இடத்தைக் கேட்டால், 'சாமிமலை ரோடு, டேமுக்கு மேல, பணியக்கணக்கு' என்கிறார். பழைய டவுன் தண்ணிக்குள் போனதையும் சொல்வார். மேப்பில் அங்குள்ள அட்டன் (Hatton) நகரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய ஏரிகள் தெரிகின்றன. எங்கே தேடுவது?"

அம்மாச்சி சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. முதலில் தேயிலைத் தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடியுங்கள்.

நீங்கள் பார்த்த இரண்டும் நீர்த்தேக்கங்கள். எங்கள் பக்கம் ஏரி என்று யாரும் சொல்வதில்லை, டேம்தான். அட்டனிலிருந்து போனால் முதலில் வருவது காசல்ரீ. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் கட்டி முடித்தது. டிக்கோயா, வனராஜா, நோர்வூட் எல்லாம் அந்தப் பக்கம். இன்னொன்று மவுசாக்கலை. மஸ்கெலியா ஓயாவை மறித்த அணை, 1969இல் முடிந்தது. தண்ணிக்குள் போன டவுன் பழைய மஸ்கெலியா, அது இருப்பது மவுசாக்கலையில். இப்போதுள்ள மஸ்கெலியா, மேட்டில் புதிதாக அமைத்த நகரம். கடும் வறட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் இவற்றின் இடிபாடுகள் வெளியே தெரியும். பார்க்க ஊரே கரைக்கு வந்துவிடும்.

ஆகவே காசல்ரீயை விடுங்கள். சாமிமலையும் மஸ்கெலியா பக்கத்து ஊர்தான். மேப்பில் வெறுமனே சாமிமலை என்று போட்டால் கும்பகோணத்துக்குக் கொண்டுபோய்விடும், மஸ்கெலியாவையும் சேர்த்துப் போடுங்கள். யாத்திரிகர்கள் ஏறும் சிவனொளிபாதமலையை (Adam's Peak) ஒட்டிய ஊர் அது. மலையேறுபவர்கள் போகிற நல்லதண்ணி, மஸ்கெலியாவிலிருந்து வேறு பாதையில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சிக்கல் பணியக்கணக்கில்தான். கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. பணிய என்றால் கீழே. பெரிய தோட்டங்களில் மேற்கணக்கு, பணியக்கணக்கு என்று பிரித்துச் சொல்வது வழக்கம். அதனால் சாமிமலை ரோட்டில் போய்ப் பணியக்கணக்கு எது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. இந்த மாற்றங்களில் சில சிறிய தோட்டங்கள் பெரியவற்றோடு சேர்ந்தன. அம்மாச்சி காலத்துத் தோட்டம் இன்றைக்கு இன்னொன்றின் டிவிஷனாக இருக்கலாம்.

எனவே வருவதற்கு முன் அம்மாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சம்பளம் வாங்கியதும் சாமான் வாங்க எந்த டவுனுக்குப் போனார்கள், மஸ்கெலியாவுக்கா, சாமிமலைக்கா? லயத்து (தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் நின்றால் சிவனொளிபாதமலை தெரிந்ததா, எந்தக் கைப்பக்கம்? கொழுந்து மடுவமும் (கொழுந்து நிறுக்கும் இடம்) பிள்ளைக்காம்பராவும் (பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம்) லயத்துக்கு மேலேயா பணியவா? ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) பக்கத்தில் இருந்ததா, அதன் சங்கு கேட்டதா? வயதானவர்கள் பெயரை மறந்தாலும் நடந்த பாதையை மறக்க மாட்டார்கள். அவசரப்படுத்தாமல் விட்டுவிட்டுக் கேளுங்கள். இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் பிறந்த இடம் என்ற வரியைப் பாருங்கள். அங்கே தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் இருக்கலாம். அது கிடைத்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும்.

சரி, எப்போது வருவது? டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை மலை சீசன். அட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு நிறைய பஸ் ஓடும், ஆனால் சனி, ஞாயிறும் போயா (பௌர்ணமி) தினங்களும் நெரிசல். மார்ச்சில் ஒரு வாரநாளில் வாருங்கள். மே கடைசியில் தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் லயத்துப் பாதைகளில் அம்மாச்சியைக் கூட்டிக்கொண்டு நடக்க முடியாது.

தோட்டத்துக்குப் போனதும் முதலில் ஆபீசில் சொல்லிவிடுங்கள். அப்புறம் மாரியம்மன் கோயிலுக்குப் போய், தோட்ட வேலையை மேற்பார்த்த, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளையோ வயதான கங்காணியோ இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கொள்ளுத்தாத்தாவின் பெயரை மட்டும் சொல்லாமல் அவர் செய்த வேலை, பட்டப்பெயர், எந்த லயம் என்பதையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்த இடத்தில் ஆளை அடையாளம் காட்டியது அவைதான்.