பாவக்காய்ச் சாறு எலியில சீனியைக் குறைச்சதாம், அம்மா குளுசைய விட்டுட்டு அதைக் குடிக்கலாமா?

உங்கட அம்மாவுக்கும் யாரோ வட்ஸ்அப்ல அனுப்பியிருப்பாங்க. முதல்ல குளுசைய நிப்பாட்ட விடாதீங்க, மறுகா நான் சொல்றதைக் கேளுங்க. நான் டொக்டர் இல்ல, ஆனா கெம்பஸ் கடைசி வருசம் முழுக்க இந்த எலிகளோடதான் கிடந்தன்.

எங்கட எலிக்குச் சீனி வருத்தம் தானா வந்ததில்ல, நாங்க வரப்பண்ணினது. அலொக்சான் எண்டொரு ரசாயனத்தை ஊசியில ஏத்தினா கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல் கூடுதலானது செத்துப்போகும். நம்மட ஆக்களுக்குக் கூடுதலா வாற டைப் 2 அப்படியில்ல, இன்சுலின் இருந்தும் உடம்பு அதுக்குச் சரியா அசையாது. வருத்தமே வேற.

நாலு கிழமை ஒவ்வொரு நாளும் வாய்க்குள்ள ட்யூப் விட்டுச் சாறு குடுத்தன். வால் நுனியில ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்ட்ரிப்ல வைச்சா 310ல இருந்தது 190க்கு வந்துட்டு. சந்தோசத்துல உடனே கல்லடிக்கு அம்மாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னன். ரெண்டு நாளால கூடு கழுவக்குள்ளதான் கண்டன், சாறு குடிச்சதுகள்ற தீன் பாதிக்கு மேல அப்படியே கிடக்கு, தூக்கினா முதுகெலும்பு கையில தட்டுப்படுது. வயிறு குழம்பித் தின்னாம கிடந்திருக்குதுகள், பட்டினி கிடந்தா சீனி இறங்காமப் பின்ன என்ன செய்யும்? அதுக்கு மேல, வெறும் தண்ணி குடிச்ச கண்ட்ரோல் எலியிலயும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது, அலொக்சான் போட்ட எலி சிலது தானாவே தேறும். சாறு குடுக்காம, சாறு குடிச்சதுகள் தின்ட அளவு தீனை மட்டும் வைச்சு இன்னொரு கூட்டத்தையும் பார்த்திருக்கணும், நாங்க பார்க்கல்ல. இதைச் சொன்னா எனக்கு மேல இருந்தவர் "தீன் கணக்கெல்லாம் என்னத்துக்கு, குறைஞ்சதை எழுது" எண்டார். எழுதினன். பாஸாகணுமே.

அம்மாட்டச் சொன்னா, "அப்ப நான் சோத்தைக் குறைச்சாக் காணும்தானே மனே" எண்டுறா.

அளவையும் பாருங்க. எலிக்கு கிலோவுக்கு 500 மில்லிகிராம் எண்டா மனுசருக்கு மாத்தக்குள்ள 6.2ஆல பிரிப்பாங்க, 60 கிலோ ஆளுக்கு கிட்டத்தட்ட 5 கிராம். அதுவும் வடிச்சுக் காய வைச்ச பொடி, மிக்ஸில அடிச்ச சாறு இல்ல. பாவக்காய்ச் சாறு பட்டு லேப் தட்டுல வளர்த்த கேன்சர் செல் செத்துட்டு எண்டு வாற செய்தியும் இப்படித்தான், குளோரின் ஊத்தினாலும் அது சாகும்.

இவ்வளவு படிச்சு என்ன பிரயோசனம், 2017ல மட்டக்களப்பு காந்திப் பூங்காவுல வேலை கேட்டு இருந்த பட்டதாரிகளைக் கண்ட நாங்கதானே, நான் இப்ப ட்யூசன் குடுக்கிறன். சரி, அதை விடுவம்.

கறியாத் தின்னட்டும், பிரச்சினையில்ல. குளுசையோட தினமும் சாறும் குடிச்சா சீனி மட்டுக்கு மிஞ்சி இறங்கவும் பாக்கும், கிளினிக்ல கேட்டுட்டுச் செய்ங்க. "அப்ப நம்மட முன்னோர் முட்டாளா" எண்டு கீழ வந்து ஏசாதீங்க கா, நானும் கிழமைக்கு ரெண்டு தரம் பாவக்காய் தின்னுறவன்தான்.