கேளுங்கள், சொல்கிறோம்: 6 முதல் 9ஆம் தரம் வரை ஆங்கிலம்

கேள்வி: மகள் 6ஆம் தரத்துக்குப் போகிறாள். ஆங்கிலத்தில் இனி என்ன படிப்பிப்பார்கள்? கைட் புத்தகம் வாங்க வேண்டுமா?
– தாய் ஒருவர், பொகவந்தலாவை

பதில்: கைட் வேண்டாம் அம்மா. பாடநூல் ஒன்று, செயல்நூல் ஒன்று, இரண்டையும் பாடசாலையே இலவசமாகத் தரும். பாடநூலில் வாசிப்பும் உரையாடலும் இருக்கும். எழுதிப் பழகுவது செயல்நூலில். தவணை முடியும்போது அந்தச் செயல்நூல் பாதி வெறுமையாகக் கிடந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

தன்னை அறிமுகப்படுத்துவது, குடும்பம், ஊர், வழி சொல்வது என்று தொடங்கி, மேல் வகுப்புகளில் கடிதம், அறிவித்தல், படத்தைப் பார்த்து விவரித்தல் என்று விரியும். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கும் வேண்டும். உங்கள் மகள் வெறுங்கையோடு போகவில்லை. தோட்டத்தில் நாம் சொல்லும் செக்றோல் (வேலையாட்களின் வருகைப் பதிவேடு), ஸ்டோர், டிவிஷன் எல்லாம் ஆங்கிலத்திலிருந்து நம் வாய்க்கு வந்த சொற்கள்தான். அவற்றின் எழுத்துக்கூட்டலை டீச்சரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் 8ஆம் தரம். சொல்வதெழுதலில் 20க்கு 18 எடுக்கிறான். கட்டுரை எழுதினால் கொப்பி முழுக்கச் சிவப்பு மை. எனக்கு ஆங்கிலம் தெரியாது. எப்படி உதவுவது?
– தந்தை ஒருவர், தலவாக்கலை

பதில்: சொற்கள் அவனிடம் இருக்கின்றன. தடுக்கி விழுவது பெரும்பாலும் வினைச்சொல்லில்தான் இருக்கும். 'அவர் டாக்டர்' என்றால் தமிழில் வசனம் முடிந்தது. அதே நினைப்பில் பிள்ளை 'ஹி டொக்டர்' என்று எழுதுவான். 'ஹி இஸ் எ டொக்டர்' என்று இரண்டு சின்னச் சொற்கள் நடுவில் வரவேண்டும்.

அடுத்தது எஸ் என்ற எழுத்து. தமிழில் போகிறேன், போகிறாய், போகிறாள் என்று ஆளுக்கு ஆள் வினை மாறும். ஆங்கிலத்தில் ஐ, யூ, வீ, தே எல்லாவற்றுக்கும் 'கோ' ஒன்றேதான். ஹி, ஷி, இட் வந்தால் மட்டும் 'கோஸ்'. எங்கும் மாறாத சொல் ஓரிடத்தில் மட்டும் மாறுவதால் பிள்ளை அதை மறந்துவிடுகிறது.

ஆங்கிலம் தெரியாமலே இதை நீங்கள் திருத்தலாம். இந்த நான்கு வசனங்களையும் எழுதச் சொல்லுங்கள் ('பிளக்' என்றால் பறிப்பது, கடைசி வசனம் இறந்த காலம்):

மை மதர் பிளக்ஸ் டீ.
மை மதர் டஸ் நொட் பிளக் டீ.
டஸ் யுவர் மதர் பிளக் டீ?
மை மதர் பிளக்ட் டீ.

முதல் வசனத்தில் எஸ், வினையின் வாலில் இருக்கிறது. 'டஸ்' வந்ததும் எஸ் அதனிடம் போய்விடுகிறது. 'பிளக்' வால் இல்லாமல் நிற்கிறது. நாம் 'பறிக்கவில்லை' என்று ஒரே சொல்லில் முடிப்பதால், தனியே வரும் இந்தத் துணைச்சொல் பிள்ளைக்குப் பிடிபடுவதில்லை. இரண்டிலும் எஸ் வைத்து 'டஸ் நொட் பிளக்ஸ்' என்று எழுதும். எஸ் இரண்டு இடத்தில் தெரிந்தால் விரலை வையுங்கள், போதும். இறந்த காலத்திலும் அப்படித்தான், 'டிட்' வந்ததும் வினை மாறாமல் நிற்கும்: 'டிட் நொட் வென்ட்' பிழை, 'டிட் நொட் கோ' சரி.

ஒரு நாளைக்கு ஒரு வினை, நான்கு வசனம், பத்து நிமிடம். கட்டுரையை மனப்பாடம் செய்ய மட்டும் விடாதீர்கள். பரீட்சையில் படமும் குறிப்பும் மாறினால் பிள்ளை திகைத்துப்போகும்.

கேள்வி: நான் 9ஆம் தரம். வாசிக்கும்போது தடுமாறுகிறேன். சொல்லின் மேல் தமிழில் உச்சரிப்பை எழுதி வைக்கலாமா?
– மாணவி, அப்புத்தளை

பதில்: வேண்டாம் தங்கச்சி. பொதி செய்வதற்கான சொல்லையும் பையைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேக்'தான். காதுக்கு அவை வேறு வேறு. இந்தப் பக்கத்தில் நாங்கள் தமிழில் எழுதுவது அச்சுக்காக. உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தே இருக்கட்டும். டீச்சர் வாசிக்கும்போது நிறுத்தும் இடங்களில் பென்சிலால் சிறு கோடு போடுங்கள். வீட்டில் அந்தக் கோடு வரை ஒரே மூச்சில், ஒரு பந்தியை மூன்று தடவை சத்தமாக வாசியுங்கள். 'இஸ்கூல்', 'இஸ்டோர்' என்று முன்னால் 'இ' ஒட்டிக்கொள்கிறதா என்று கவனியுங்கள், 'ஸ்...' என்று காற்றை நீட்டித் தொடங்கினால் அது போய்விடும்.

கேள்வி: சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கில இலக்கியமும் கட்டாயமா?
– தாய் ஒருவர், கொட்டகலை

பதில்: இல்லை. இலக்கியம் 10ஆம் தரத்தில் விரும்பினால் எடுக்கும் தெரிவுப் பாடம். ஆங்கில மொழி அதிலிருந்து வேறு. அதற்கு இரண்டு வினாத்தாள்கள், முதலாவது ஒரு மணி நேரம், இரண்டாவது இரண்டு மணி நேரம்.