பதநீரும் பிரிக்ஸ் மீட்டரும்: கேள்வி-பதில்

கே: புது டிஜிட்டல் மீட்டர். நேற்று 12 காட்டிய அதே மரங்களின் பதநீர் இன்று 12.6 காட்டுகிறது. மீட்டர் கோளாறா? (சாயல்குடி)

ப: பிரிக்ஸ் மீட்டர் ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்த்து, நூறு கிராமில் எத்தனை கிராம் சர்க்கரை என்று எண்ணாகச் சொல்லும் கருவி. அதன் பூச்சியம் எந்தத் தண்ணீரில் வைத்தீர்கள் என்று எழுதவில்லை. காலையா மாலையா, அதுவும் இல்லை. மரத்துக்கு 0.6 ஏற்ற இறக்கம் சாதாரணம். மீட்டரைச் சந்தேகப்படுகிறவர் முதலில் பூச்சியத்தைப் பாருங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர்தான் வேண்டும். நம் பக்கத்து போர்த் தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராம் உப்பு இருந்தால், மீட்டர் அதையே 0.3, 0.4 சர்க்கரை என்று எண்ணும். அதைப் பூச்சியமாக வைத்தால் பிறகு எடுக்கும் எல்லா அளவும் அந்த அளவுக்குக் குறைந்துதான் வரும்.

கே: தோப்பில் வைத்துப் பார்த்தால் எண்ணே வருவதில்லை. வீட்டுக்குள் வருகிறது. (ஏர்வாடி)

ப: வெயில் நேராகக் கண்ணாடியில் விழுகிறது. உள்ளங்கையால் மறைத்துவிட்டு பட்டனை அழுத்துங்கள்.

கே: அண்ணாச்சி, பதநீர் சுத்தமா 12 காட்டுது. காய்ச்சி ஊத்தினா கருப்பட்டி சிரட்டையிலே இறுக மாட்டேங்குது, ரெண்டு நாள்லே கசியுது. மீட்டர்லே குறை இல்லை. பிறகு எதுலே குறை? (நரிப்பையூர்)

ப: மீட்டரில் குறை இல்லைதான். அதனிடம் கேட்கக்கூடாததைக் கேட்கிறீர்கள். சீசன் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது, நானும் இதையே எழுதுகிறேன்: பிரிக்ஸ் மீட்டர் புளிப்பைக் காட்டாது.

கலயத்தில் சுண்ணாம்பு குறைந்தாலோ, இறக்கிய பதநீர் வெயிலேறும் வரை கிடந்தாலோ முதலில் நடப்பது நொதிப்பு அல்ல. பதநீரின் சர்க்கரை உடைந்து குளுக்கோஸும் பிரக்டோஸும் ஆகிறது. கரைந்திருக்கும் எடை குறையாததால் மீட்டரில் 12 என்பது ஏறக்குறைய 12 ஆகவே நிற்கும். ஆனால் உடைந்த சர்க்கரை மணி மணியாக உறைந்து இறுகாது. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்றைக் கேட்கவே வேண்டாம். உங்கள் சிரட்டையில் நடப்பது இதுதான்.

அதற்கும் மேலே போய் நொதித்தாலும் மீட்டர் ஏமாற்றும். சாராயமும் ஒளியை வளைக்கும். 12இல் தொடங்கிய பதநீரில் பாதிச் சர்க்கரை போனால் 6 வராது, 7க்கு மேல் நிற்கும். முழுதும் போனாலும் 3, 4 காட்டும். "இன்னும் இனிப்பு இருக்கிறது" என்று அதை வட்டகையில் ஊற்றினால் விறகுதான் நஷ்டம்.

புளிப்பைக் காட்டும் பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கி வையுங்கள்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல். இறக்கியதும் 8க்கு மேல் இருந்தால் சுண்ணாம்பு போதும். 6க்கு வந்துவிட்டால் கருப்பட்டி ஆசையை விடுங்கள். அதற்காகக் கலயத்தில் சுண்ணாம்பை அப்பினால் கருப்பட்டி கறுத்துக் காந்தும். தெளியவிட்டு மேலாக வடித்து, 7க்கும் 8க்கும் நடுவே கொண்டுவந்த பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். பாளை சீவும் கத்தியையும் கலயத்தையும் தினமும் கழுவுகிறீர்களா என்பதைக் கடிதத்தில் காணோம்.

கே: கருப்பட்டிப் பதத்தை மீட்டரில் பார்க்கலாமா?

ப: வேண்டாம். இறக்கும் பதம் ஏறக்குறைய 118 டிகிரி, 90 பிரிக்ஸை ஒட்டியது. பல மீட்டர்கள் 85லேயே நின்றுவிடும், 55ஐத் தாண்டாதவையும் உண்டு. தெர்மாமீட்டரும், பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கும் விரலும் போதும்.

கே: கூப்பனி (பதநீரைக் காய்ச்சிய பாகு) கெட்டியாக இருக்கிறது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பார்த்து இரட்டித்தால் 80 வருகிறது. ஆனாலும் ஒரு மாதத்தில் நுரைக்கிறதே? (கன்னிராஜபுரம்)

ப: டம்ளரால் அளந்திருப்பீர்கள். பிரிக்ஸ் என்பது எடைக் கணக்கு. கூப்பனி ஒரு டம்ளர், தண்ணீர் ஒரு டம்ளர் என்றால் கூப்பனியின் எடை மூன்றில் ஒரு பங்கு கூடுதல். உண்மையில் 70 இருப்பது 80 என்று வரும், "80 இருக்கிறதே" என்று காய்ச்சலையும் குறைத்தால் 65க்குக் கீழே இறங்கியிருக்கும், நுரைக்காமல் என்ன செய்யும்? தராசில் 50 கிராமுக்கு 50 கிராம். எடுத்த மாதிரியை மூடி வைத்து ஆறவிடுங்கள், திறந்து ஆறினால் ஆவி போய் அளவு கூடும். கொதிக்கக் கொதிக்கக் கண்ணாடியில் விடவே விடாதீர்கள். தானியங்கி வெப்பத் திருத்தம் பெரும்பாலும் 40 டிகிரியோடு சரி.

கே: கருப்பட்டியில் சீனி கலந்திருப்பதை மீட்டர் கண்டுபிடிக்குமா? (கீழக்கரை)

ப: பிடிக்காது. அதற்கு எல்லாச் சர்க்கரையும் ஒன்றுதான்.

கே: இறால் குளத்து உப்பு மீட்டர் கைவசம் இருக்கிறது. அதில் பதநீர் பார்க்கலாமா? (தொண்டி)

ப: எண் வரும். அது உப்புக்குப் போட்ட எண்.

கே: வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டிலேயே பியர் செய்கிறான். ஆரம்பத்தில் 12 பிரிக்ஸ், இப்போது 6. பாதிதான் நொதித்ததா?

ப: இல்லை, ஏறக்குறைய முடிந்திருக்கும். மேலே நரிப்பையூர்க்காரருக்குச் சொன்ன அதே சாராயக் கணக்குதான். 12 பிரிக்ஸ் என்றால் ஆரம்ப அடர்த்தி 1.048. ஈஸ்ட் போட்ட பிறகு, வாயுவைக் குலுக்கி வெளியேற்றி, ஹைட்ரோமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே கள்ளுக்கு 1987 முதல் தடை இருப்பதால் உள்ளூர்க் கடிதங்கள் சிலவற்றுக்குப் பதில் கிடையாது.

கே: கண்ணாடியில் வெள்ளைப் படலம். சுரண்டலாமா? (மாரியூர்)

ப: சுரண்டினால் புது மீட்டர்தான். அது சுண்ணாம்பு. இரண்டு சொட்டு வினிகர் விட்டு ஒரு நிமிடம் கழித்து டிஸ்டில்ட் வாட்டரால் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். மாதிரி விடும்போது கரண்டி வேண்டாம், பிளாஸ்டிக் சொட்டுக்குழாய் போதும். சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், உப்புக் காற்றில் முனை பச்சை பூத்துவிடும்.