இல்லினாயில் டியுஐ வழக்கில் லைசென்ஸ் போனால் ஃபார்மல் ஹியரிங்கா, இன்ஃபார்மலா?

சிகாகோ புறநகரில் இருக்கும் உங்கள் தம்பி குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் லைசென்ஸை இழந்திருக்கிறார், எந்த ஹியரிங்குக்கு (விசாரணைக்கு) போவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவருக்கு வந்த கடிதத்தைப் பாருங்கள். சஸ்பென்ஷன் (தற்காலிகத் தடை) என்றால் பெரும்பாலும் ஹியரிங்கே வேண்டாம். முதல் தடவை மாட்டியவர்களில், ஊதியபோது ரத்தத்தில் மது அளவு 0.08 சதவீதம் அல்லது அதற்கு மேல் வந்தவருக்கு 6 மாதம், ஊத மறுத்தவருக்கு 12 மாதம். கெடு முடிந்ததும் 250 டாலர் கட்டினால் லைசென்ஸ் உயிர்பெறும். ரெவொகேஷன் (லைசென்ஸையே ரத்து செய்வது) என்றால் கதை வேறு. எத்தனை வருஷம் காத்திருந்தாலும் தானாக வராது. இல்லினாயில் லைசென்ஸ் கொடுக்கும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தின் ஹியரிங் அதிகாரியிடம் பேசித்தான் வாங்க வேண்டும்.

ஒரே ஒரு டியுஐ, யாரும் சாகவில்லை என்றால் இன்ஃபார்மல் போதும். கட்டணம் இல்லை, எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை. ஒன்றுக்கு மேல் இருந்தாலோ உயிர் போயிருந்தாலோ ஃபார்மல்தான். அதற்கு எழுதிக் கேட்டு 50 டாலர் கட்ட வேண்டும். சத்தியப் பிரமாணம் உண்டு, பேசுவது பதிவாகும், அலுவலகத்தின் வக்கீல் குறுக்குக் கேள்வி கேட்பார்.

இரண்டிலும் ஆட்கள் சறுக்குவது ஒரே இடத்தில்தான். அன்றைக்கு நடந்தது தப்பா சரியா என்று அங்கே விசாரிப்பதில்லை. இனி குடித்துவிட்டு ஓட்ட மாட்டார் என்று நம்புவதற்குக் கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க உங்கள் தம்பியுடையது.

என் நண்பர் ஒருவரின் பேப்பர்களை ஹியரிங்குக்கு முன்னால் சேர்ந்து படித்தோம். மது மதிப்பீட்டு அறிக்கையில் (குடிப் பழக்கத்தை மதிப்பீட்டாளர் விசாரித்து எழுதித் தருவது) "அன்று இரண்டு பீர்" என்று இருந்தது. போலீஸ் அறிக்கையில் 0.17. அவர் உடம்புக்கு இரண்டு பீரில் அந்த எண் வரவே வராது. மனைவி கொடுத்த கடிதத்திலோ "இவர் குடிப்பதே இல்லை". மூன்று பேப்பர், மூன்று கதை! வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்வது நம்மவர்களிடம் சகஜம், ஆனால் அங்கே அது பொய்யாகத்தான் படும். மதிப்பீட்டாளரிடம் திரும்பப் போய் உள்ளதைச் சொல்லி அறிக்கையைத் திருத்தி வாங்கினார். மனைவியும் தான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதிக் கொடுத்தார். மதிப்பீட்டு அறிக்கை 6 மாதத்துக்கு மேல் பழசாகவும் இருக்கக் கூடாது.

முழு லைசென்ஸ் கிடைக்கும்வரை வேலைக்குப் போய்வர மட்டும் பெர்மிட் கேட்பதானால், கஷ்டத்தையும் காட்ட வேண்டும். வேலை நேரம் குறித்த கம்பெனிக் கடிதம், மெட்ரா ரயிலும் பேஸ் பஸ்ஸும் அந்த நேரத்துக்கு ஏன் ஒத்துவராது என்ற விவரம், இரண்டும் கையில் இருக்கட்டும்.

இன்ஃபார்மலில் மறுத்தால் 30 நாள் கழித்துத் திரும்பப் போகலாம். ஃபார்மலில் மறுத்தால் 4 மாதம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் 35 நாளுக்குள் சர்க்யூட் கோர்ட்டுக்குப் போக வேண்டும். கோர்ட் பார்ப்பது ஹியரிங்கில் பதிவானதை மட்டும்தான், புதிதாக எதையும் சேர்க்க முடியாது. அதனால் ஃபார்மல் என்றால் இந்த ஹியரிங் வேலையே பார்க்கும் வக்கீல் ஒருவரை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.