தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டமும் சிறுதொழிலும்: கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் அட்டைப்பெட்டி செய்து தனியாருக்கு மட்டுமே விற்கிறோம். இச்சட்டம் எங்களை எப்படிப் பாதிக்கும்?

பதில்: 2003-ஆம் ஆண்டுச் சட்டம் உங்களை நேரடியாகக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் அரசிடம் ஒப்பந்தமோ உரிமமோ எதிர்பார்க்கும் பெரிய நிறுவனம், கறுப்பினத்தவருக்கு எவ்வளவு வாய்ப்புத் தருகிறது என்று இச்சட்டப்படி அளக்கும் தன் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளத் தனக்குச் சரக்குத் தருபவரின் தரநிலையையும் பார்த்தாக வேண்டியிருப்பதால், அந்த நெருக்கடி படிப்படியாக இறங்கி உங்களிடமும் வந்துவிடுகிறது. ஆண்டு விற்றுமுதல் 1 கோடி ராண்டுக்குள் இருக்கும் நிறுவனத்துக்குத் தானாகவே 4-ஆம் தரநிலை கிடைக்கும் (எண் குறையக் குறையத் தரநிலை உயர்வு). கறுப்பினத்தவரின் பங்கு 51 விழுக்காட்டை எட்டினால் 2-ஆம் தரநிலை. முழு உரிமையும் அவர்களுடையதாயின் 1-ஆம் தரநிலை. 1-ஆம் தரநிலையில் இருப்பவரிடம் ஒரு பேரங்காடி 1 லட்சம் ராண்டுக்குப் பெட்டி வாங்கினால், மதிப்பெண்ணுக்கான அதன் கொள்முதல் கணக்கில் 1,35,000 ராண்டாக ஏறும். 4-ஆம் தரநிலைக்காரரிடம் வாங்கினால் அதே 1 லட்சம்தான். ஆகவே விலையைக் குறைக்க முன்வருவதற்கு முன்னால், வாடிக்கையாளரின் மதிப்பெண் எங்கே குறைகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டர்பனில் நான்காம் தலைமுறையாக வாழும் தமிழர்கள் நாங்கள். 'கறுப்பினத்தவர்' வரையறைக்குள் வருவோமா?

பதில்: வருவீர்கள். ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகிய மூவரையும் சட்டம் அச்சொல்லில் அடக்குகிறது. அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து குடியேறிக் குடியுரிமை பெற்றவருக்கு இது பொருந்தாது.

கேள்வி: எங்களிடம் கறுப்பினப் பங்கு இல்லை, விற்றுமுதல் 1 கோடியை நெருங்குகிறது. நிறுவனத்தை இரண்டாகப் பிரித்துவிடலாமா?

பதில்: கூடாது. வரம்புக்குள் நிற்பதற்காகப் பிரிப்பதை நடைமுறை விதிகளே குற்றமென்கின்றன. எல்லையைத் தாண்டியதும் உரிமை, நிர்வாகம், பயிற்சி, கொள்முதல், சமூக மேம்பாடு என ஐந்து கூறுகளிலும் மதிப்பெண் சேர்த்து, அதற்குரிய முகமையிடம் காசு கொடுத்துச் சரிபார்ப்புச் சான்று பெற வேண்டும். 51 விழுக்காடு கறுப்பினப் பங்குள்ளவருக்கோ 5 கோடி ராண்டு வரை ஒரு பிரமாணப் பத்திரமே போதும். பங்காளியைச் சேர்ப்பதா, இந்தச் செலவை ஏற்பதா என்பதை எல்லையைத் தொட்ட பிறகு யோசித்தால் காலம் கடந்துவிடும்.

கேள்வி: நம்பிக்கையான ஊழியர் ஒருவர் பெயரில் பங்கை எழுதிவைத்தால்?

பதில்: அது பினாமி, 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தனிநபருக்கு 10 ஆண்டு வரை சிறையும், நிறுவனத்துக்கு ஆண்டு விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை அபராதமும் விதிக்கலாம். அவருக்கு லாபத்தில் பங்கு போய்ச் சேருகிறதா, முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர் வாக்கு எண்ணப்படுகிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். உண்மையிலேயே பங்கு தர விரும்பினால், ஊழியர் பங்குடைமை அறக்கட்டளை என்ற சட்டபூர்வமான வழி இருக்கிறது.